99ஐ விட 95 பெரிது

இரண்டு முகக்கவசப் பெட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் நீல நிற மூன்றடுக்கு அறுவை மாஸ்க். பெட்டியின் மேல் ‘பாக்டீரியா வடிகட்டும் திறன் 99%’ என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. இன்னொன்றில் கிண்ணம் மாதிரி குவிந்த என்95. அதன் பெயரிலேயே 95தான். விவரம் தெரியாதவர் எதை எடுப்பார்? 99ஐத்தான். நியாயம்தானே, நான்கு மதிப்பெண் அதிகம்.

ஆனால் இரண்டும் ஒரே தேர்வில் வாங்கிய மதிப்பெண் அல்ல. முதல் மாஸ்க் எழுதியது ஒரு தேர்வு, இரண்டாவது எழுதியது வேறொன்று. கேள்வித்தாளைப் பார்த்துவிட்டால் அந்த 95 எவ்வளவு பெரியது என்று புரிந்துவிடும்.

முதலில் அந்த 99. அறுவை மாஸ்க்கைச் சோதிக்க ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாவைப் பயன்படுத்துகிறார்கள். மருத்துவமனைத் தொற்றுகளுக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று, பலருடைய மூக்கில் சாதுவாகக் குடியிருப்பதும் அதுதான் என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தக் கிருமி கலந்த திரவத்தை ஒரு தெளிப்பான் நுண்ணிய திவலைகளாக ஊதுகிறது. திவலையின் சராசரி அளவு 3 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). மாஸ்க்கின் ஒரு துண்டை ஆண்டர்சன் கருவி என்ற உலோக அடுக்கின் வாயில் இறுக்கி மாட்டி, நிமிடத்துக்கு 28.3 லிட்டர் வீதம் காற்றை இழுக்கிறார்கள். (ஏன் இந்த விசித்திர எண் என்றால், அது ஒரு கன அடி. பழைய அளவை இன்னும் விட்டுப் போகவில்லை.) கருவிக்குள் ஒன்றன்கீழ் ஒன்றாக, கிருமி வளர்க்கும் ஆறு அகார் தட்டுகள். மாஸ்க்கைத் தாண்டி வரும் திவலைகளில் பெரியவை மேல் தட்டில் மோதும், சிறியவை கீழ்த்தட்டு வரை போகும். அப்புறம் தட்டுகளை 37 டிகிரி வெப்பத்தில் வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். உயிரோடு வந்து சேர்ந்த ஒவ்வொரு கிருமியும் பெருகி, கண்ணுக்குத் தெரியும் ஒரு புள்ளியாகிவிடும்.

மாஸ்க் இல்லாமல் ஒருமுறை ஓட்டினால் 1700 முதல் 3000 புள்ளிகள் வர வேண்டும். மாஸ்க்கோடு ஓட்டும்போது 20 புள்ளிகள் வந்தால் திறன் 99 சதவீதத்துக்குப் பக்கம். அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் தரத்தில் முதல் நிலைக்கு 95%, அடுத்த இரண்டு நிலைகளுக்கு 98% தேவை. ஐரோப்பியத் தரத்திலும் இதே 95, 98 தான். கூடவே, துணி வழியாக மூச்சு எவ்வளவு சிரமமில்லாமல் போகிறது, செயற்கை ரத்தத்தைப் பீய்ச்சினால் மறுபக்கம் நனைகிறதா என்றும் பார்க்கிறார்கள். அறுவை மாஸ்க்கின் நிலைகளைப் பிரிப்பதில் இந்த ரத்தச் சோதனைக்குப் பெரிய பங்கு உண்டு. முதல் நிலை 80 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தைத் தாங்க வேண்டும், மூன்றாம் நிலை 160ஐ. வெட்டுப்பட்ட ரத்தக்குழாயிலிருந்து பீய்ச்சி அடிக்கும் ரத்தம்தான் இங்கே மனதில் இருக்கும் எதிரி. அந்த மாஸ்க் பிறந்த இடமே அறுவை அரங்கு என்பதை மறந்துவிடக் கூடாது.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, 3 மைக்ரான் என்பது வடிகட்டிக்குச் சுலபமான இரை. இரண்டு, மாஸ்க் கருவியின் வாயில் இறுக்கிப் பிடிக்கப்பட்டிருக்கிறது. ஓரத்தில் கசிய வழியே இல்லை. கன்னத்துக்கும் துணிக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி இருக்கும் ஒரு முகத்தில் அதே மாஸ்க் என்ன செய்யும் என்று இந்தச் சோதனை கேட்கவே இல்லை.

சில பெட்டிகளில் ‘வைரஸ் வடிகட்டும் திறன்’ என்றும் ஒரு எண் இருக்கும். அதைப் படித்தால், வைரஸ் அளவிலான துகளையே தடுக்கிறது போல என்று தோன்றும். அதற்குப் பயன்படுவது ஃபை எக்ஸ் 174 என்ற பாக்டீரியோஃபேஜ். பாக்டீரியாவைத் தின்று வாழும் வைரஸ், மனிதனை ஒன்றும் செய்யாது. அதன் அளவு ஏறத்தாழ 0.03 மைக்ரான்தான், கொரோனா வைரஸில் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் வழக்கமான சோதனையில் அது தனியாக வருவதில்லை. அதே 3 மைக்ரான் திவலைக்குள் உட்கார்ந்துகொண்டுதான் வருகிறது. வடிகட்டி பார்ப்பது வண்டியை, உள்ளே இருக்கும் பயணியை அல்ல. ஆகவே பாக்டீரியா எண்ணும் வைரஸ் எண்ணும் ஏறக்குறைய ஒன்றாகவே வருவதில் ஆச்சரியம் இல்லை. பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வாங்குபவர் தவறாகப் புரிந்துகொள்ள இதைவிட வசதியான வாசகம் கிடைப்பது கஷ்டம்.

இனி அந்த 95. அமெரிக்காவில் வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் நியோஷ் என்ற அரசு நிறுவனம் 1995இல் கொண்டுவந்த விதிப்படி நடக்கும் சோதனை இது. இதில் கிருமியே கிடையாது. வெறும் உப்பு, நாம் சாப்பிடும் சோடியம் குளோரைடுதான். உப்புக் கரைசலைத் தெளித்து உலர்த்தினால் மிக நுண்ணிய உப்புத்துகள்கள் காற்றில் மிதக்கும். அவற்றை மாஸ்க் வழியாக இழுத்து, முன்னும் பின்னும் எவ்வளவு இருக்கிறது என்று ஒளிச்சிதறலை வைத்து அளக்கிறார்கள். சில நொடிகளில் விடை வந்துவிடும், எதையும் வளர்த்துக் காத்திருக்க வேண்டாம்.

கிருமியைத் தடுக்கிறதா என்று பார்க்க உப்பு எதற்கு என்று கேட்கலாம். வடிகட்டிக்கு உயிருள்ளது, உயிரற்றது என்ற பேதம் தெரியாது. துகளின் அளவு, வடிவம், அடர்த்தி, காற்றின் வேகம் இவைதான் அதற்குக் கணக்கு. ஒரே அளவுள்ள உப்பும் கிருமியும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் பிடிபடுகின்றன.

சரி, இந்தத் தேர்வு எந்த வகையில் கடினம்? மாஸ்க்கை முதலில் 38 டிகிரி வெப்பமும் 85% ஈரப்பதமும் உள்ள பெட்டியில் ஒரு நாளுக்கு மேல் புழுங்க வைக்கிறார்கள். பிறகு நிமிடத்துக்கு 85 லிட்டர் வேகத்தில் காற்றை இழுக்கிறார்கள். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் மூச்சில் நிமிடத்துக்குப் பத்து லிட்டர்கூடப் போகாது. 85 என்பது மூட்டை தூக்குபவருடைய மூச்சு. வேகம் கூடினால் மிகச் சிறிய துகள்கள் இழையைத் தொட நேரம் இல்லாமல் நழுவிவிடும் என்பதால் மாஸ்க்குக்கு இது பாதகமான நிலை. உப்புத்துகளில் இருக்கும் மின்னேற்றத்தையும் முன்கூட்டியே தணித்துவிடுகிறார்கள், அதனால் கிடைக்கக்கூடிய சலுகையும் போயிற்று. 200 மில்லிகிராம் உப்பு ஏறும் வரை ஓட்டி, இடையில் எந்த நேரத்தில் திறன் மிகக் குறைவாக இருந்ததோ அதையே கணக்கில் எடுக்கிறார்கள். இப்படி இருபது மாஸ்க். இருபதும் 95ஐத் தாண்ட வேண்டும். சராசரி எடுத்துத் தப்பிக்க முடியாது.

துகளின் அளவிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ‘என்95 0.3 மைக்ரானைத்தான் தடுக்கும், கொரோனா வைரஸ் 0.1 மைக்ரான், அது சுலபமாக நுழைந்துவிடும்’ என்று பெருந்தொற்றுக் காலத்தில் எத்தனை பேர் பகிர்ந்திருப்பார்கள்! மாஸ்க்கை சல்லடையாகக் கற்பனை செய்தால் இந்த வாதம் சரிதான். ஆனால் அது சல்லடை அல்ல. உருக்கி ஊதிய பாலிபுரொப்பிலீன் இழைகள் தாறுமாறாகக் குவிந்த ஒரு புதர் அது. இழைகளுக்கு இடையிலான இடைவெளி பெரும்பாலும் பிடிபடும் துகளைவிடப் பெரியது.

பிறகு எப்படிப் பிடிக்கிறது? பெரிய துகளுக்குக் கனம் அதிகம். காற்று இழையைச் சுற்றி வளையும்போது அதனால் கூடவே வளைய முடியாமல் நேராகப் போய் மோதிவிடும். மிகச் சிறிய துகளைக் காற்று மூலக்கூறுகளே நாலாபக்கமும் இடித்துத் தள்ளுவதால் அது போதையில் நடப்பவன் மாதிரி தள்ளாடும், தள்ளாடித் தள்ளாடி எங்காவது ஓர் இழையைத் தொட்டுவிடும். தொட்டால் போதும், அந்த அளவில் எல்லாமே ஒட்டிக்கொள்ளும். நடுவில் மாட்டிக்கொண்டவைதான் தப்பிப்பவை. மோதும் அளவுக்குக் கனமும் இல்லை, தள்ளாடும் அளவுக்குச் சிறுமையும் இல்லை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் வேதியியலாளர் இர்விங் லாங்மியூர் இந்த நழுவும் அளவை 0.3 மைக்ரான் பக்கம் கணக்கிட்டார். ஆக, 0.3 என்பது மாஸ்க் தடுக்கக்கூடியவற்றில் மிகச் சிறியது அல்ல. மாஸ்க்குக்கு மிகவும் சிரமமான எதிரி என்று நினைத்துத் தேர்ந்தெடுத்த அளவு.

நினைத்து என்று சொல்லக் காரணம் உண்டு. இன்றைய மாஸ்க் இழைகளில் நிரந்தர மின்னேற்றம் ஏற்றப்பட்டிருக்கிறது. சீப்பால் தலை வாரியபின் அது காகிதத் துணுக்கை இழுப்பதைப் போல இழைகள் துகளை இழுக்கும். டென்னசி பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பீட்டர் சாய் இந்த மின்னேற்றும் முறையை வளர்த்தவர்களில் முக்கியமானவர். மின்னேற்றம் வந்த பிறகு நழுவும் அளவு இன்னும் கீழே, 0.05 மைக்ரான் பக்கம் இறங்கிவிட்டது. அதனால் சோதனை பயனற்றுப் போய்விடவில்லை. உப்புத்துகள்களின் ‘0.3’ என்பது எடைக் கணக்கு. எண்ணிக்கைக் கணக்கில் பார்த்தால் அவற்றின் நடு அளவு 0.075 மைக்ரான்தான். வைரஸைவிடச் சிறிய துகள்கள் அந்த மேகத்தில் பாதிக்கு மேல் இருக்கின்றன.

மின்னேற்றத்தை நம்பி இருப்பதில் ஒரு பலவீனமும் இருக்கிறது. ஆல்கஹாலில் நனைத்தால் அது போய்விடும். 2020இல் தட்டுப்பாடு வந்தபோது என்95ஐ மறுபடி பயன்படுத்துவது எப்படி என்று பல ஆய்வகங்கள் தேடின. ஆல்கஹாலில் முக்கியவை பார்வைக்குப் புத்தம்புதிதாகவே இருந்தன, கருவியில் மாட்டியதும் திறன் சரிந்திருந்தது. ஹைட்ரஜன் பெராக்சைடு ஆவி காட்டியவை பெரிதாகப் பாதிக்கப்படவில்லை.

கண்ணால் பார்த்து மாஸ்க்கின் தரத்தைச் சொல்ல முடியாது என்பதற்கு இதுவே போதும். மாஸ்க் போட்டுக்கொண்டு மெழுகுவர்த்தியை ஊதி அணைக்கும் வீடியோக்கள் நிறையச் சுற்றின, அணைந்தால் போலி என்று தீர்ப்பும் சொன்னார்கள். அதில் தெரிவது காற்றோட்டத்துக்கு எவ்வளவு தடை என்பது மட்டும்தான். நல்ல வடிகட்டியின் பெருமையே குறைந்த தடையில் அதிகம் பிடிப்பது. மாஸ்க்கில் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பதும் அப்படித்தான். வெளி அடுக்கு நீரை ஏற்காது என்று தெரியும், நுண்துகளைப் பற்றி ஒன்றும் தெரியாது.

இத்தனை கடினமான தேர்விலும், ஓரக்கசிவைக் கேட்காத அந்தக் குறை அப்படியே இருக்கிறது. என்95ஐயும் தட்டில் மெழுகோ பசையோ வைத்து ஒட்டித்தான் சோதிக்கிறார்கள். முகம் இங்கேயும் வரவில்லை.

இது புதிய கண்டுபிடிப்பல்ல. 1897இல் அன்றைய ஜெர்மனியின் பிரெஸ்லாவ் நகரில் கிருமியியலாளர் கார்ல் ஃப்ளூகே, பேசும்போது தெறிக்கும் திவலைகளில் கிருமி இருப்பதைக் காட்டினார். அவருடைய குழுவினர் சிவப்பு நிறமாக வளரும் ஒரு பாக்டீரியாவால் வாய் கொப்பளித்துவிட்டுத் தட்டுகளின் முன்னால் பேசச் செய்தார்கள். சிவப்புப் புள்ளி எங்கே முளைக்கிறதோ அதுவரை எச்சில் போயிருக்கிறது என்று அர்த்தம். (அந்தப் பாக்டீரியாவை ரொம்ப காலம் பரமசாது என்று நம்பினார்கள். அது அப்படியொன்றும் சாது அல்ல என்பது பின்னால்தான் தெரிந்தது.) அதே ஆண்டில் அதே ஊரில் அறுவை மருத்துவர் மிகுலிச் சல்லாத்துணியால் வாயைக் கட்டிக்கொண்டு அறுவை செய்யத் தொடங்கினார்.

1918 இன்ஃப்ளூயன்சாவில் நகரங்கள் முகக்கவசத்தைக் கட்டாயமாக்கின. அலை ஓய்ந்தபின், கலிஃபோர்னியாவின் பொதுச் சுகாதார வாரியத்தில் இருந்த கெல்லாக், தன் சகா மெக்மில்லனோடு சேர்ந்து சல்லாத்துணி மாஸ்க்குகளைச் சோதித்து 1920இல் முடிவை வெளியிட்டார். துணியின் அடுக்கைக் கூட்டக் கூட்ட கிருமி குறைந்தது. ஆனால் உருப்படியாக வடிகட்டும் அளவுக்கு அடுக்கினால் மூச்சு விடுவது கடினமாகி, காற்று ஓரங்கள் வழியாகப் புகுந்து போனது. நூறாண்டுக்குப் பிறகும் மாஸ்க் செய்பவர்கள் மல்லுக்கட்டுவது இதே பிரச்சினையோடுதான். காற்றுக்குச் சோம்பல் அதிகம், எளிய வழி இருந்தால் அதில்தான் போகும்.

சின்னக் கணக்கு ஒன்று போடலாம். 99% வடிகட்டும் துணி, ஆனால் நூறில் பத்துப் பங்கு காற்று ஓரத்தில் கசிகிறது என்று வையுங்கள். கசிவில் 10, துணி வழியாக 0.9, மொத்தம் 10.9% துகள் உள்ளே வரும். இன்னொன்று 95% மட்டுமே வடிகட்டுகிறது, கசிவு இரண்டே பங்கு. 2உம் 4.9உம் சேர்ந்து 6.9%. துணி சுமாராக இருந்தாலும் பொருத்தம் கைகொடுத்துவிட்டது.

அதனால் முகத்தில் வைத்துச் செய்யும் சோதனை தனியாக உண்டு. ஐரோப்பியத் தரம் அதை மாஸ்க்கின் அங்கீகாரத்திலேயே சேர்த்திருக்கிறது. பத்துப் பேர் மாஸ்க் அணிந்து, உப்புத்துகள் நிரம்பிய அறைக்குள் நடைப்பட்டையில் நடக்க வேண்டும். தலையை இடவலமாகத் திருப்ப வேண்டும், மேலும் கீழும் ஆட்ட வேண்டும், பேச வேண்டும். மாஸ்க்குக்குள் எவ்வளவு உப்பு வருகிறது என்று ஒரு குழாய் வழியாக அளப்பார்கள். என்95க்கு ஏறத்தாழ இணையான எஃப்எஃப்பி2 வகைக்கு, பத்துப் பேரில் எட்டுப் பேருக்காவது சராசரியாக 8 சதவீதத்துக்கு மேல் உள்ளே வரக் கூடாது. துணியை மட்டும் சோதிக்கும்போது அதே வகையிடம் கேட்பது 94% தடுப்பு, அதாவது 6% தாண்டலாம். முகம் வந்ததும் தரமே கொஞ்சம் இறங்கிவருகிறது பாருங்கள்.

அமெரிக்க முறை வேறு. அங்கே மாஸ்க்குக்கு அங்கீகாரம் கொடுப்பது ஒருவர், அது உங்கள் முகத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டியது உங்கள் முதலாளி. வேலைக்காக அணிபவர்களுக்கு ஆண்டுதோறும் பொருத்தச் சோதனை கட்டாயம். எளிய வகையில், தலைக்கு மேல் ஒரு கூடாரம் மாதிரி மாட்டி, உள்ளே டெனாட்டோனியம் என்ற மகா கசப்பான பொருளைத் தெளிப்பார்கள். முதலில் மாஸ்க் இல்லாமல் கசப்பு தெரிகிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு மாஸ்க்கோடு குனிந்து நிமிர்ந்து, தலை திருப்பி, ஒரு பத்தியை உரக்கப் படிக்க வேண்டும். நடுவில் கசந்தால் தோல்வி. இன்னொரு வகையில் கருவியே மாஸ்க்குக்கு வெளியேயும் உள்ளேயும் துகளை எண்ணும். வெளியே நூறு இருந்தால் உள்ளே ஒன்றுக்கு மேல் கூடாது. தாடிக்காரர்களுக்கு இந்த இடத்தில்தான் வில்லங்கம். விளிம்பு உட்காரும் இடத்தில் முடி இருந்தால் சோதனைக்கே அனுமதி இல்லை.

யாருடைய முகத்துக்கு அளவெடுத்து மாஸ்க் செய்தார்கள் என்பதும் ஒரு கதை. அமெரிக்காவில் 1970களில் பயன்படுத்திய மாதிரி முக அளவுகள் விமானப்படையினரை அளந்து எடுத்தவை. இளமையான, கட்டுக்கோப்பான, பெரும்பாலும் வெள்ளை முகங்கள். மாஸ்க் அணிந்து வேலை செய்யும் 3,997 பேரின் முகங்களை நியோஷ் 2003இல் அளக்கச் செய்த பிறகுதான் அந்தப் பட்டியல் மாறியது. ஒரே மாஸ்க் ஒருவருக்குக் கச்சிதமாகவும் பக்கத்தில் நிற்பவருக்கு மூக்கோரம் திறந்தும் இருப்பதற்கு அவர்கள் அணிந்த விதம் மட்டும் காரணமல்ல.

இதுவரை சொன்னதெல்லாம் உள்ளே வருவதைப் பற்றி. நோயாளியின் வாயிலிருந்து வெளியே போவதைத் தடுக்கிறதா என்று கேட்டால் சோதனையே திரும்பிக்கொள்ளும். 2020 ஆகஸ்டில் டியூக் பல்கலைக்கழகத்தினர் ஒரு கறுப்புப் பெட்டி, பச்சை லேசர், கைபேசிக் கேமரா மூன்றையும் வைத்து மலிவாக ஒரு சோதனை செய்தார்கள். பேசும்போது தெறிக்கும் திவலைகள் லேசரில் மின்னும், கேமரா அதை எண்ணும். 14 வகைகளில், கழுத்திலிருந்து மூக்குவரை இழுத்துவிடும் செயற்கை இழைத் துணி மட்டும் ஒன்றுமே அணியாததைவிடக் கொஞ்சம் அதிகத் திவலையைக் காட்டியது. உடனே ‘இதை அணிவது அணியாததைவிட ஆபத்து’ என்று செய்தி பறந்தது. அந்தத் துணியை அணிந்து பேசியது ஒரே ஒருவர். அவர்கள் காட்ட வந்ததும் இப்படி ஒரு கருவியைச் செய்யலாம் என்பதைத்தான், தரவரிசைப் பட்டியலை அல்ல. பிறகு நியோஷ் ஆய்வாளர்கள் இருமும் பொம்மைத் தலையில் வைத்துப் பார்த்தபோது அந்த வகைத் துணி 47% துகள்களைத் தடுத்தது. அறுவை மாஸ்க் 59%, என்95 99%. முகத்துக்கு முன் தொங்கும் பிளாஸ்டிக் தகடு? 2%.

பொம்மை உப்பைத்தான் இருமும். நிஜ வைரஸை வைத்துச் செய்யத் துணிந்தது டோக்கியோ பல்கலைக்கழகம். அதே 2020இல், உயர் பாதுகாப்பு ஆய்வகத்தில் இரண்டு பொம்மைத் தலைகளை எதிரெதிரே வைத்து, ஒன்று கொரோனா வைரஸைக் கக்க, மற்றது மூச்சிழுத்தது. இழுக்கும் தலைக்குத் துணி மாஸ்க் போட்டால் உள்ளே போன வைரஸ் 20 முதல் 40% குறைந்தது, என்95 போட்டால் 80 முதல் 90%. விளிம்பை டேப் ஒட்டி மூடிய பிறகும் கொஞ்சம் நுழையத்தான் செய்தது.

பெரிய மக்கள்தொகை ஆய்வுகளின் எண்கள் இவற்றைவிட மிகச் சிறியவை. வங்கதேசத்தில் 600 கிராமங்களில் நடந்த ஆய்வில், மாஸ்க் கொடுத்து ஊக்குவித்த ஊர்களில் அறிகுறியோடு கூடிய தொற்று சுமார் 9% குறைந்தது. ஆய்வகத்தில் 95, ஊரில் 9, அப்படியென்றால் மாஸ்க் தோற்றுவிட்டது என்று சிலர் எழுதினார்கள். அந்த ஊர்களில் சரியாக மாஸ்க் அணிந்தவர்கள் 13 சதவீதத்திலிருந்து 42 சதவீதமாகத்தான் கூடினார்கள். பாதிப் பேருக்கு மேல் அணியவே இல்லை. அங்கே அளந்தது ஒரு திட்டத்தின் பலன், துணியின் திறன் அல்ல. ஒன்றின் எண்ணை எடுத்து மற்றொன்றைத் திட்டுவதில் அர்த்தமில்லை.

நடுவில் ஒரு வழியைப் பிடித்திருப்பவர் மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் டொனால்டு மில்டன். அவருடைய கருவியின் பெயர் கெசுண்ட்ஹைட், தும்மியவரைப் பார்த்து ஜெர்மானியர் சொல்லும் வார்த்தை. தொற்று உள்ளவர் ஒரு பெரிய புனலுக்குள் முகத்தை நீட்டி அரைமணி நேரம் உட்கார வேண்டும். இயல்பாக மூச்சு விடலாம், பேசலாம், இருமல் வந்தால் இருமலாம். வெளிவரும் வைரஸ் முழுவதையும் கருவி சேகரிக்கும். 2013இல் இன்ஃப்ளூயன்சா நோயாளிகள் 37 பேரை வைத்துச் செய்தபோது அறுவை மாஸ்க் பெருந்துகள்களில் இருந்த வைரஸை 25 மடங்கு குறைத்தது, நுண்துகள்களில் 2.8 மடங்குதான். பெட்டியின் மேல் இருந்த அந்த 99 எந்தத் துகளுக்கு உரியது என்பது இந்த இரண்டு எண்களிலும் தெரிகிறது.

2024இல் வெளியான அவர்களுடைய கோவிட் ஆய்வில் 44 தொண்டர்கள். யாருக்கும் பொருத்தச் சோதனை செய்யவில்லை, அணியச் சொல்லித்தரவும் இல்லை. வாத்து அலகு வடிவ என்95 வெளிவரும் வைரஸை 98% குறைத்தது. சோதித்த கேஎன்95 (சீனத் தரப்படி செய்தது) 71%, அறுவை மாஸ்க் 74%. ஒட்டி வைத்துச் சோதித்தால் என்95க்குச் சமமாக வர வேண்டிய கேஎன்95ஐ, முகத்தில் போட்டதும் ஒரு துணி மாஸ்க் முந்திவிட்டது. அதன் எண் 87.